சிவப்பு ஒரு கண்ணுக்கு, நீலம் ஒரு கண்ணுக்கு: 3டி படம் எங்கே உருவாகிறது?

3டி சினிமாக் கண்ணாடியை வரையச் சொன்னால் பெரும்பாலோர் அட்டைச் சட்டம் போட்டு, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் அப்படி ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தியேட்டரில் முழுப் படம் பார்த்தவர்கள் குறைவு. 1952 நவம்பரில் அமெரிக்காவில் 3டி மோகத்தைக் கிளப்பிவிட்ட 'புவானா டெவில்' படத்துக்குக் கொடுத்தது சாம்பல் நிற போலராய்டு கண்ணாடி. இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-இல் வந்தபோது கொடுத்ததும் அந்த வகைதான். இன்றைக்கு மல்டிபிளெக்ஸ் வாசலில் கையில் திணிக்கும் கண்ணாடியிலும் பெரும்பாலும் சிவப்பும் கிடையாது, நீலமும் கிடையாது.

பிறகு எப்படி இந்தச் சிவப்பு-நீலம் மனதில் ஒட்டிக்கொண்டது? 1953-இல் அமெரிக்காவில் 3டி காமிக்ஸ் புத்தகங்கள் வண்ணக் கண்ணாடியோடு வந்து குவிந்தன. 1970-களில், ஐம்பதுகளின் போலராய்டு படங்கள் சிலவற்றைச் சிவப்பு-நீலப் பிரதிகளாக மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். டிவியிலும் அச்சிலும் வேறு வழி எளிதாக இல்லாததால் அங்கேயும் இதுவே நுழைந்தது. இப்படித்தான் சினிமாவில் சிறிய வேடம் செய்த ஒரு தொழில்நுட்பம் 3டிக்கே அடையாளமாகிவிட்டது.

சரி, நிறத்துக்கும் ஆழத்துக்கும் என்ன சம்பந்தம்? நேராகச் சொன்னால், ஒன்றும் இல்லை. சிவப்புத் தாள் எந்தக் காட்சியையும் புடைக்க வைப்பதில்லை. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் பால்கனிக்காரரை மாடிக்கும் மற்றவரைக் கீழேயும் அனுப்புகிறார் அல்லவா, கண்ணாடி செய்வது அந்த வேலைதான். இடக்கண்ணுக்கு உரிய படம் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கு உரியது வலக்கண்ணுக்கும் போக வேண்டும். ஆழம் என்பது அதற்கப்புறம் மூளைக்குள் நடக்கும் கதை.

அந்தக் கதைக்கு அடிப்படை, நம் இரு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பெரியவர்களுக்குச் சராசரியாக 6.3 செ.மீ. அளவு. இவ்வளவு தள்ளி இருப்பதால் ஒரே பொருளை இரு கண்களும் கொஞ்சம் வேறுபட்ட கோணத்தில் பார்க்கின்றன. பொருள் அருகில் இருந்தால் வேறுபாடு அதிகம், தூரத்தில் இருந்தால் குறைவு. ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை நன்றாக நீட்டி, பேனாவின் மூடியைப் பக்கவாட்டில் கொண்டுவந்து மாட்டிப் பாருங்கள். முனைக்கு முன்னாலோ பின்னாலோ தடவும். இரு கண்ணும் திறந்திருந்தால் யோசிக்காமலே மாட்டிவிடலாம்.

ஒற்றைக் கண்ணால் தூரமே தெரியாது என்று சொல்லவில்லை. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், தலையை அசைத்தால் கிட்டே உள்ள தூண் தூரத்து மரத்தைவிட வேகமாக நகரும். நிழல் வேறு துப்புக் கொடுக்கும். சாதாரண 2டி படம் நமக்குத் தட்டையாகத் தோன்றாததற்கு இவையே காரணம். இரட்டைப் பார்வை இவற்றோடு சேரும் இன்னொரு துப்பு. கைக்கெட்டும் தூரத்தில் அது மகா கூர்மை. தூரம் கூடக்கூட அதன் பேச்சு எடுபடாது. தொலைவில் தெரியும் மலையை இரு கண்ணால் பார்த்தாலும் ஒரு கண்ணால் பார்த்தாலும் ஒன்றுதான்.

இரு கண்ணும் காணும் காட்சிகளின் இந்த வேறுபாடுதான் ஆழ உணர்வைத் தருகிறது என்று நிரூபித்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன். 1838-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் கருவியை விளக்கினார். முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டைச் சாய்வாக நிறுத்தி, இடப்பக்கச் சித்திரத்தை இடக்கண்ணுக்கும் வலப்பக்கச் சித்திரத்தை வலக்கண்ணுக்கும் காட்டும் ஏற்பாடு. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான் என்பதால் அவர் கோட்டுச் சித்திரங்களைப் பயன்படுத்தினார். அது நல்லதாகப் போயிற்று. நிழலோ வண்ணமோ இல்லாத வெறும் கோடுகள் காற்றில் எழும்பி நின்றன. வேறு எந்தத் துப்பும் இல்லாமல், இரு படங்களின் சிறு விலகல் ஒன்றே போதும் என்று தெரிந்துவிட்டது.

வீட்ஸ்டன் கருவியில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். ஊரே உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் இரண்டு படங்களையும் ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, பார்ப்பவர் கண்ணருகே பிரிக்க வேண்டும். அதற்கு அன்று கையில் இருந்த மலிவான கருவி நிறம். 1853-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல்மன் வண்ணக் கோடுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் வைத்து இந்த வழியைக் காட்டினார். 1858-இல் பிரான்சின் ஜோசப் தல்மெய்தா, மாய விளக்கு என்ற அந்தக் காலத்துப் படம் காட்டும் கருவியில் சிவப்பு, பச்சை ஒளியில் படங்களைத் திரையில் வீழ்த்தினார். அச்சுக்கு இதைக் கொண்டுவந்து 1891-இல் அனாகிளிஃப் என்று பெயர் வைத்தவர் லூயி துகோ து ஓரோன். வண்ணப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். வண்ணத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த மனிதர், வண்ணத்தையே பலி கேட்கும் முறைக்கும் பெயர் சூட்டினார் என்பது வேடிக்கைதான்.

நிறம் எப்படிப் பிரிக்கிறது என்பதை வெள்ளைத் தாளிலேயே பார்த்துவிடலாம். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சதுரம், அதன்மேல் கொஞ்சம் தள்ளி பச்சை கலந்த நீலத்தில் இன்னொரு சதுரம் போடுங்கள். ஒரு கண் முன்னால் சிவப்பு ஜெலட்டின் பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். தாளின் வெள்ளை, சிவப்பாக மாறியிருக்கும். சிவப்புச் சதுரமும் அதே சிவப்பு என்பதால் தாளோடு கரைந்து ஏறக்குறைய காணாமல் போகும். நீலச் சதுரமோ கறுப்பாகத் துலங்கும், ஏனென்றால் அந்த மை சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது, ஜெலட்டின் பேப்பரோ சிவப்பைத் தவிர வேறெதையும் விடுவதில்லை. மறு கண்ணுக்கு நீலத் தாளைப் பிடித்தால் எல்லாம் தலைகீழ்: நீலச் சதுரம் மங்கி, சிவப்புச் சதுரம் கறுக்கும். ஆக இரு கண்ணுக்கும் தலா ஒரு சதுரம். அவற்றுக்கு இடையிலான விலகலை மூளை ஆழமாகப் படித்துக்கொள்கிறது.

திரையில் ஒளியைக் கொண்டு செய்யும்போதும் இதே கணக்கு. இப்போது கணினியில் செய்பவர்கள் இடக்கண் படத்தின் சிவப்புப் பகுதியை எடுத்து, வலக்கண் படத்தின் பச்சை, நீலப் பகுதிகளோடு சேர்த்துவிடுகிறார்கள். மூன்று வண்ணங்களும் முழுசாக இருப்பதால் ஒரே கோப்பு, ஒரே திரை போதும். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஓரங்களில் சிவப்பும் நீலமும் பிசிறடிக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: பிரிப்பு கண்ணுக்கு வெளியிலேயே நடந்துவிடுவதால், சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பலருக்கும் இந்தப் படத்தில் ஆழம் தெரியும். சிவப்பு ஒளியே மங்கலாகத் தெரியும் வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு பக்கப் படம் இருட்டடிக்கும், அது வேறு விஷயம்.

இம்முறையில் காசு வாங்கிக்கொண்டு காட்டப்பட்ட முதல் முழுநீளப் படமாகச் சொல்லப்படுவது 'தி பவர் ஆஃப் லவ்'. 1922 செப்டம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஓட்டல் அரங்கில் சிவப்பு-பச்சைக் கண்ணாடியோடு திரையிட்டார்கள். கடைசிக் காட்சியில் ஒரு கண்ணை மூடினால் சுப முடிவு, மறு கண்ணை மூடினால் சோக முடிவு என்று இரண்டு முடிவுகளை ஒரே திரையில் ஓட்டினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. படம் தொலைந்துவிட்டது, போய்ச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் கொள்கையளவில் தாராளமாகச் செய்யலாம். கண்ணாடியின் வேலை பிரிப்பது மட்டும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கறுப்பு வெள்ளைக் காலத்துக்கு அனாகிளிஃப் மோசமான முறையல்ல என்பது என் கருத்து. வண்ணப் படத்தில்தான் அதன் வண்டவாளம் தெரிய வந்தது. நாயகி அடர்சிவப்புப் புடவையில் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தாள் வழியே பார்க்கும் கண்ணுக்குப் புடவை பளீரென்று வெளுத்துத் தெரியும். நீலத் தாள் வழியே பார்க்கும் கண்ணுக்கு அது கரிக்கட்டை. ஒரே இடத்தில் ஒரு கண் வெளிச்சம் என்கிறது, மறு கண் இருட்டு என்கிறது. மூளையால் இரண்டையும் சமாதானப்படுத்த முடியாமல் மாறி மாறி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். புடவை மினுமினுத்து நடுங்குவதுபோல் தோன்றும். அரை மணி நேரத்தில் தலை கனக்கும். இதைத் தவிர்க்கத்தான் தேர்ந்த கைகள் படத்தில் சிவப்பை முன்கூட்டியே மட்டுப்படுத்தி வைப்பார்கள். பாதி வண்ணம் போனாலும் பரவாயில்லை, கண் பிழைத்தால் சரி.

அப்புறம் கசிவு. மலிவுத் தாள் எதையும் முழுசாகத் தடுக்காது. மறு கண்ணுக்கான படம் லேசாக உள்ளே நுழைந்து, ஒவ்வொரு உருவத்தின் ஓரத்திலும் ஓர் ஆவி நிற்கும். இது போதாதென்று கண்ணின் லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஒன்று கூர்மையானால் மற்றது சற்று மங்கும். நல்ல தரக் கண்ணாடி சிலவற்றில் சிவப்புப் பக்கத்துக்கு மட்டும் சிறிய பவர் கொடுத்து இதைச் சரிக்கட்டினார்கள்.

எந்த முறையில் பிரித்தாலும் திரையில் நடக்கும் வடிவியல் ஒன்றே. ஒரு பொருளின் இரு பிம்பங்களும் திரையில் ஒரே புள்ளியில் விழுந்தால் அது திரைமீதே இருக்கும். இடக்கண் பிம்பம் இடப்பக்கமும் வலக்கண் பிம்பம் வலப்பக்கமும் விலகினால் பொருள் திரைக்குப் பின்னால் போகும். மாறி விழுந்தால், பார்வைக் கோடுகள் திரைக்கு முன்பே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், பொருள் நம்மை நோக்கி வரும். கண் இடைவெளி 6.5 செ.மீ. என்று வைத்து, திரையிலிருந்து 12 மீட்டரில் உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். ஈட்டி முனையின் பிம்பங்கள் 6.5 செ.மீ. மாறி விழுந்தால் முனை சரியாகப் பாதி வழியில், 6 மீட்டரில் நிற்கும். 13 செ.மீ. என்றால் 4 மீட்டரில். முன்வரிசையில் 6 மீட்டரில் இருப்பவருக்கு அதே 6.5 செ.மீ. விலகல் ஈட்டியை 3 மீட்டர்தான் வெளியே தள்ளும். அதாவது ஒரே அரங்கில் ஆளுக்கொரு ஆழம். பின்வரிசைக்காரர் காசுக்கு நீளமான ஈட்டி.

பின்பக்கம் போகும்போது ஒரு வரம்பு உண்டு. பிம்பங்கள் 6.5 செ.மீ. விலகினால் இரு கண்களின் பார்வையும் இணைகோடுகளாகிவிடும், பொருள் முடிவிலாத் தொலைவில் தெரியும். அதற்கும் மேல் விலக்கினால் கண்கள் வெளிப்புறமாக விலகிப் போக வேண்டும். இயல்பில் நாம் ஒருபோதும் செய்யாத வேலை அது. 12 மீட்டர் அகலத் திரையில் 6.5 செ.மீ. என்பது அகலத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். சின்னத் திரைக்குச் செய்த படத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டினால் இந்த வரம்பு சுலபமாகத் தாண்டிவிடும். பெரிய திரைக்குச் செய்ததை டிவியில் போட்டால் ஆழம் சப்பென்று ஆகிவிடும்.

கண் வலிக்கு இன்னொரு காரணம், எந்தக் கண்ணாடி கொடுத்தாலும் தீராதது. ஈட்டி 4 மீட்டரில் தெரியும்போது இரு கண்களும் அங்கே குவியத் திரும்புகின்றன. ஆனால் ஒளி புறப்படுவது 12 மீட்டரில் உள்ள திரையிலிருந்து, ஆகவே கண் லென்ஸ் அங்கேதான் கூர்மையைப் பிடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து சேர்ந்தே வேலை செய்து பழகிய இரண்டு செயல்கள் தனித்தனி வழியில் இழுபடுகின்றன. ஒருசில நொடி என்றால் சமாளிக்கலாம். விவரம் தெரிந்த இயக்குநர்கள் மூக்கின் நுனிக்கு வரும் காட்சிகளை அளந்துதான் வைக்கிறார்கள். அதையும் திரையின் நடுவில் வைக்கிறார்கள். முன்னால் வந்த பொருளைத் திரையின் ஓரம் வெட்டினால், பின்னால் இருக்கும் சட்டம் முன்னால் இருப்பதை எப்படி மறைக்கும் என்று மூளை குழம்பி, மாயம் கலைந்துவிடும்.

ஐம்பதுகளில் நிறத்துக்குப் பதில் வந்த போலராய்டு, ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை வைத்துப் பிரித்தது. எட்வின் லாண்ட் உருவாக்கிய மலிவான போலராய்டு தாள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. வண்ணம் முழுசாகக் கிடைத்தது. ஆனால் சாதாரண வெள்ளைத் திரை ஒளியைச் சிதறடித்து அதிர்வுத் திசையைக் குலைத்துவிடும் என்பதால் வெள்ளிப் பூச்சுத் திரை தேவைப்பட்டது. இரண்டு புரொஜெக்டர்கள் ஒத்து ஓட வேண்டும். ஒரு பிரதியில் பிலிம் கிழிந்து ஆபரேட்டர் நாலு ஃபிரேமை வெட்டி ஒட்டினால் மற்றதிலும் அதே நாலை வெட்ட வேண்டும். மறந்தால் அன்றைக்கு முழு அரங்கத்துக்கும் தலைவலி. 1953-இல் அகலத்திரை முறையான சினிமாஸ்கோப் 'கண்ணாடியே வேண்டாம்' என்று விளம்பரம் செய்தபடி வந்தபோது கொட்டகைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

டிஜிட்டல் காலத்தில் ஒரே புரொஜெக்டர் இடப்படமும் வலப்படமுமாக நொடிக்கு 144 முறை மாற்றிக் காட்ட முடிகிறது, ஒத்து ஓடும் தொல்லை ஒழிந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம், நிறம் வேறு வேடத்தில் திரும்பி வந்ததுதான். டால்பி 3டி முறையில் இரு கண்ணுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே போகின்றன. ஆனால் ஒரே சிவப்பு அல்ல. ஒரு கண்ணுக்குச் சுமார் 629 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு என்றால் மறு கண்ணுக்கு 615. பச்சையும் நீலமும் அதேபோல் சற்று விலகியவை. கண்ணாடியில் பல அடுக்கு மெல்லிய பூச்சு, தன் பட்டையை மட்டும் விட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும். இருவகைச் சிவப்பும் மூளைக்குச் சிவப்பாகவே தெரிவதால் சண்டை இல்லை, சிறு வேறுபாட்டைப் புரொஜெக்டரிலேயே திருத்திவிடுகிறார்கள். வெள்ளித் திரையும் வேண்டாம். கண்ணாடிதான் விலை அதிகம், காட்சி முடிந்ததும் வாங்கிக் கழுவி வைத்தாக வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் மூளை ஒத்துழைத்தால்தான். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகளில் பாதி, வழியில் குறுக்கே கடப்பதால், காட்சியின் இடப்பாதி குறித்து இரு கண்களும் சொல்வது மூளையின் வலப்பக்கத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே குறிப்பிட்ட அளவு விலகலுக்கு மட்டும் எழுந்து குரல் கொடுக்கும் செல்கள் இருப்பதை 1967-இல் பூனைகளில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, 1960-இல் பெல் ஆய்வகத்தின் பேலா யூலெஸ் ஒரு வினோதச் சோதனை செய்தார். கணினி தாறுமாறாகத் தெளித்த புள்ளிகளால் இரண்டு படங்கள். இரண்டும் ஒன்றே, நடுவில் ஒரு சதுரப் பகுதிப் புள்ளிகள் மட்டும் சற்றே நகர்த்தப்பட்டவை. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் வெறும் இரைச்சல். இரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் சதுரம் மிதக்கும். என்ன உருவம் என்று தெரிவதற்கு முன்பே மூளை விலகலை அளந்துவிடுகிறது என்று இதனால் புரிந்தது.

யூலெஸின் புள்ளிகளும் சிவப்பு-பச்சைக் கண்ணாடியும் சேர்ந்து கண் மருத்துவமனைக்குள்ளும் போயின. டி.என்.ஓ. சோதனை என்று ஒரு புத்தகம். குழந்தைக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, புள்ளிகளுக்குள் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். ஒற்றைக் கண்ணில் உருவமே இல்லாததால் ஊகித்துத் தப்பிக்க முடியாது. மாறுகண், சோம்பேறிக் கண் உள்ள பலருக்கு அந்தப் புள்ளிகள் கடைசிவரை புள்ளிகளே. அவர்களுக்கு 3டி படம் என்பது வெறும் இருட்டான 2டி படம்.

அந்தக் கூட்டத்தில் பெரிய பெயர்களும் உண்டு. 1953-இல் வசூலை அள்ளிய 3டி படமான 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' படத்தை இயக்கிய ஆந்த்ரே தெ தோத் ஒரு கண்ணை இழந்தவர். ஒரு கண்ணை மட்டும் கறுப்புக் கண்ணாடியால் மறைத்தால் அந்தக் கண்ணின் செய்தி சற்றுத் தாமதமாகி, பக்கவாட்டில் ஆடும் ஊசல் நீள்வட்டமாகச் சுற்றுவதுபோல் தெரியும் என்பதை 1922-இல் விளக்கிய கார்ல் புல்ஃபிரிக்கும் ஒற்றைக் கண் பார்வையோடு இருந்தவர்தான். தன் பெயரில் வழங்கும் விளைவை அவரால் பார்க்க முடியவில்லை. இன்னொரு பக்கம், கைக்குழந்தையிலிருந்தே மாறுகண்ணோடு வளர்ந்த அமெரிக்க நரம்பியலாளர் சூசன் பேரி, 48 வயதில் பார்வைப் பயிற்சிக்குப் பின் ஆழத்தைக் காணத் தொடங்கினார். முதலில் அவரைத் திகைக்க வைத்தது காரின் ஸ்டியரிங் சக்கரம், டாஷ்போர்டை விட்டு எழும்பி நின்ற விதம்.

சிவப்பு-நீல அட்டைக் கண்ணாடிக்கு இன்றைக்கும் உருப்படியான வேலை தருவது செவ்வாய் கிரகம். 1997-இல் பாத்ஃபைண்டர் விண்கலம் இறங்கியதிலிருந்து நாசா அங்கிருந்து வரும் இரட்டைப் படங்களை அனாகிளிஃப் ஆக்கி வெளியிடுகிறது. போனிலும் பார்க்கலாம், அச்சிட்டுச் சுவரிலும் ஒட்டலாம், எந்தச் சிறப்புத் திரையும் வேண்டாம். செம்மண் நிறம் போய்விடும், ஆனால் பாறைகளின் மேடு பள்ளம் துல்லியமாக வரும். சில படங்களில் மேடு வேண்டியதைவிடச் செங்குத்தாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு: அங்கே ஊர்ந்து ஆராயும் கியூரியாசிட்டி ஊர்தியின் வழிகாட்டும் கேமராக்கள் 42 செ.மீ. இடைவெளியில் இருப்பவை, நம் கண் இடைவெளியைப் போல் ஆறு மடங்குக்கும் மேல்.

வழக்கப்படி சிவப்பு இடக்கண்ணுக்கு. கண்ணாடியைத் திருப்பி மாட்டிப் பார்த்தால் விலகலின் குறி மாறி, செவ்வாயின் பாறைகள் குழிகளாகவும் குழிகள் மேடுகளாகவும் புரளும். அதே திருப்பலை ஒரு மனித முகத்தின் படத்தில் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மூக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். பழகிய பொருள்கள் இப்படிப் பிடிவாதம் பிடிப்பதை வீட்ஸ்டனே 1852-இல் இடம்வலம் மாற்றிக் காட்டும் தன் இன்னொரு கருவியில் கவனித்து எழுதியிருக்கிறார். கண் அனுப்பும் விலகல் 'குழி' என்கிறது, மூக்கு உள்வாங்கிய முகத்தை எங்கேயும் பார்த்திராத மூளை அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.